மங்குதிம்மனின் சரணாகதி

கோலார் தங்கவயல் என்றதும் நம் நினைவில் எழுவன, பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமாக ஆழ்ந்து சென்ற சுரங்கங்களும், அவற்றில் உழைப்பதற்காக வட ஆற்காட்டிலிருந்து புறப்பட்டுச் சென்ற நம் தமிழ் மக்களும்தான். அச்சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வூரின் சோடாத் தொழிற்சாலை ஒன்றில் ஓர் இளைஞர் வேலைக்குச் சேர்ந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் தோற்றவர். சொந்த ஊரில் சில காலம் ஆசிரியராக இருந்து பார்த்தவர். அடுத்த வழி எதுவென்று அறியாதவர். பின்னாளில் கன்னட நாடு டி.வி.ஜி. என்று போற்றிய டி.வி. குண்டப்பாதான் அவர்.

1887இல் முல்பாகலில் பிறந்த அவருக்குத் தங்கவயல் நிலைக்கவில்லை. பெங்களூரு சென்று பத்திரிகையாளரானார். 1913இல் 'கர்நாடகா' என்ற ஆங்கில இதழைத் தொடங்கினார். கல்லூரிப் படிப்பு இல்லாத அவர், ஹானகல் விருபாக்ஷ சாஸ்திரியின் திருவடியில் அமர்ந்து வேதாந்தம் பயின்றார்.

1924இல் அவருடைய மனைவி பாகீரதம்மா தீ விபத்தில் மறைந்தார். டி.வி.ஜி.க்கு அப்போது நாற்பது வயதுகூட நிறையவில்லை. பிற்காலத்தில் தாவரவியல் அறிஞராகச் சென்னை மாநிலக் கல்லூரியில் பணியாற்றிய மகன் பி.ஜி.எல். சுவாமி அன்று ஏறத்தாழ ஆறு வயதுச் சிறுவர். டி.வி.ஜி. மறுமணம் செய்துகொள்ளவில்லை. சாஸ்திரம் கற்றவனைத் துயரம் தீண்டாது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். கற்றவனின் வீட்டிலும் வெறுமை வந்து அமரத்தான் செய்கிறது.

1943இல் 'மங்குதிம்மன கக்க' வெளிவந்தது. மந்தபுத்தியுள்ள திம்மன் ஒருவனின் பிதற்றல் என்பது போன்ற பொருள் தரும் தலைப்பு! 945 நான்கடிப் பாடல்கள். ஞானி என்று தன்னைச் சொல்லிக்கொள்ள விரும்பாதவர் தேர்ந்த பெயர் அது. இறைவன் உண்மையில் இருக்கிறானா, இந்தப் படைப்புக்குப் பொருள்தான் என்ன என்ற ஐயங்களை நூலின் தொடக்கத்திலேயே அவர் எழுப்பிவிடுகிறார். பக்தி நூலில் இத்தகைய கேள்விகளா என்று சிலர் தயங்கக்கூடும். எனக்கோ அந்த நேர்மையே பெரும் சாதனையாகத் தோன்றுகிறது. உள்ளத்தின் வெறுமையை அவர் மூடி மறைக்கவில்லை. விடையை அவசரமாக வரவழைக்கவும் இல்லை.

கேள்விகள் இருந்தபோதும் கர்மம் நிற்கவில்லை. 1945இல் கோகலே பொது விவகார நிலையத்தை நிறுவினார். அங்கு ஆர்வலர்களுக்குக் கீதையை விளக்கினார். அவருடைய கீதை நூலுக்கு 1967இல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. 1970இல் பெங்களூரு மக்கள் அவரைப் பாராட்டி அளித்த பணமுடிப்பு முழுவதையும் அந்நிலையத்துக்கே கொடுத்துவிட்டார். 1975 அக்டோபர் 7ஆம் நாள் அவர் மறைந்தார்.

ஐயத்தில் தொடங்கிய 'கக்க'வின் இறுதிப் பாடல் சரணாகதியாக அமைந்துள்ளது. அங்கே திம்மன் வணங்கி நிற்பது வானத்தை நோக்கியன்று. அந்தராத்மாவின் ஆழ்ந்த அமைதியில் அவன் சரண் புகுகிறான். அதே மூச்சில் விசுவாத்மாவிடமும்.