மைக்கேல் பாரடேயின் வாழ்க்கை

நாள்தோறும் நாம் கைக்கொள்ளும் பொருள்களுள் பெரும்பாலானவற்றைக் கண்டளித்த பெரியோரை நாம் அறிவதில்லை. விளக்கு எரிகின்றது, நீரிறைக்கும் பொறி ஓடுகின்றது, கார் புறப்படுகின்றது. இவை தடையின்றி நடக்குங்காறும் இவற்றிற்கு மூலகாரணராய் நின்றவர் யாவர் என்னும் எண்ணமே நமக்குத் தோன்றுவதில்லை. ஓடுவது நின்றபோதே உள்ளம் வினாவத் தொடங்குகின்றது. தமிழிலக்கியம் பயிலும் யாம் ஆங்கில நாட்டு விஞ்ஞானி ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுந்ததும் ஒரு வண்டி நின்றதனாலேயே ஆம்.

ஓரிக்கையில் ஓரிரவு

எமது ஊர் காஞ்சிமாநகரை அடுத்துள்ள ஓரிக்கை. பட்டுத்தறியின் ஓசை அங்கு நன்கு பழகிய ஓசை. கணிகண்ணரோடும் திருமழிசையாழ்வாரோடும் காஞ்சியை விட்டு நீங்கிய திருமால் ஓரிரவு தங்கியமையால், ஓரிரவிருக்கை என்பதே ஓரிக்கை என மருவிற்று என்று பெரியோர் கூறுவர். எம் சிற்றப்பாவின் பழைய காரும் சென்ற மார்கழியில் அவ்வாறே ஓரிரவு அசையாது இருந்துவிட்டது. பாட்டியாருக்கு நள்ளிரவில் மூச்சுத் திணறல் கண்டது. சிற்றப்பா சாவியைத் திருகினார். டக்கென்ற ஓர் ஒலியன்றி வேறு விளைவில்லை, முன்விளக்கும் மங்கிற்று. அண்டை வீட்டு நெசவாளர் எழுவர் உறக்கம் விட்டெழுந்து வந்து வண்டியைத் தள்ளி உயிர்ப்பித்தனர். பாட்டியார் பிழைத்தது அவர்கள் தோள்வலியால்.

மறுநாளே சிற்றப்பா எம் கல்லூரிக் கட்டணத்திற்கென வைத்திருந்த பணத்தைக் கொண்டு புதிய பேட்டரி ஒன்று வாங்கினார். பன்னிரண்டாம் நாள் அதுவும் படுத்துவிட்டது. கடைக்காரர் எம்மை ஏமாற்றிவிட்டார் என்றே வீட்டில் அனைவரும் துணிந்தோம். அவரைத் தெருவறிய வைது வருதல் வேண்டுமென்று முதலில் எழுந்தவரும் யாமே. அதற்குள், சிற்றப்பா அண்ணே என்றழைக்கும் முதிய மெக்கானிக் ஒருவர் வந்து சேர்ந்தார்.

அவர் எடுத்த எடுப்பிலே எதனையும் கழற்றவில்லை. வண்டி நாளொன்றுக்கு எவ்வளவு தூரம் ஓடும், இரவில் எவ்வளவு நேரம் விளக்கெரியும் என்று வினவினார். பின் டெர்மினல்களிற் படிந்திருந்த வெண்பச்சைப் பூப்பைச் சுரண்டித் துடைத்து, எர்த் கம்பியின் பிடியை இறுக்கினார். மீட்டரை வைத்துப் பார்க்கையில் பேட்டரி 12 வோல்ட்டுக்கும் கீழே நின்றது. நிறைந்த பேட்டரி ஓய்ந்திருக்கும்பொழுது ஏறத்தாழ 12.6 காட்டுதல் வேண்டும். அதனைக் கடையிற் சார்ஜ் ஏற்றிக் கொணர்ந்து வண்டியில் மாட்டி ஓரிரவு விட்டு வைத்தார். விடிந்து பார்த்தபொழுதும் 12.6 குறையவில்லை. ஆகவே நிற்கும் வண்டியில் மின்சாரம் கசியவில்லை என்பது தெளிவாயிற்று. செல்ப் சுற்றும்போதும் அளவு 10க்குக் கீழ் இறங்கவில்லை. ஆகவே பேட்டரியிலும் குறையில்லை. பின்னர் எஞ்சினை விரைந்து ஓடவிட்டு விளக்குகளையும் ஏற்றினார். அளவு 14ஐ நோக்கி ஏறவேண்டியிருக்க, மெல்ல மெல்ல இறங்கலாயிற்று. பெல்ட்டின் தளர்வை நீக்கியும் பயனில்லை. டைனமோவைத் திறந்தார். உள்ளே உராயும் கார்பன் துண்டுகள் இரண்டும் அடிவரை தேய்ந்து, தொடவேண்டிய இடத்தைத் தொடாமலே நின்றன. இக்குறையை முன்னரே அறிவித்திருக்கவேண்டிய சிவப்பு விளக்கு எரிந்துபோய் நெடுநாளாகியும் அதனை மாற்றுவாரில்லை.

புதிய கார்பன் துண்டுகளின் விலை ஒரு வேளைச் சிற்றுண்டி விலையே. அவை பொருந்தியவுடன் அளவு 14ஐத் தொட்டது. பேட்டரி என்பது குதிர், டைனமோ என்பதே விளைநிலம், நிலம் கரம்பாய்க் கிடக்கக் குதிரை நோவதாற் பயனென்ன என்று அப்பெரியவர் கூறியபொழுது யாம் தலைகுனிந்தோம். குற்றமற்ற வணிகர் ஒருவரைக் கள்வரென்று தூற்ற இருந்தோமன்றோ! டைனமோவின் மூலத்தைக் கண்டவர் யாவரென அவர் எம்மை வினவினார். பட்டவகுப்பு மாணவராகிய யாம் விடையறியாது நின்றோம். அவரே பாரடே என்றார். அவ்வெட்கமே எம்மை நூல் நிலையத்திற்குச் செலுத்திற்று.

பிறப்பும் இளமையும்

மைக்கேல் பாரடே 1791ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22ஆம் நாள் இலண்டனை அடுத்த நியூயிங்டன் பட்ஸ் என்னுமிடத்திற் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் கொல்லுத் தொழிலாளர்; நோய்வாய்ப்பட்டு அடிக்கடி உலைக்களம் செல்லவியலாது வருந்தியவர். நால்வர் மக்களைக் கொண்ட அக்குடும்பத்தில் வறுமை நீங்காது குடியிருந்தது. எழுத்தும் எண்ணும் சிறிதளவு கற்றதோடு பாரடேயின் பள்ளிக் கல்வி முடிவுற்றது. 13ஆம் வயதில் அவர் ரீபோ என்னும் புத்தக வணிகரிடம் செய்தித்தாள் கொண்டுபோய்க் கொடுக்கும் சிறுவனாக அமர்ந்தார். மறு ஆண்டு அவரிடமே ஏழாண்டுகள் புத்தகங் கட்டும் தொழில் பயிலலானார்.

கட்டுவதற்கு வந்த நூல்களையெல்லாம் அவர் படித்தார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரத்தைப் பற்றிய கட்டுரையும், ஜேன் மார்செட் அம்மையார் இயற்றிய ரசாயன உரையாடல் நூலும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. ஆயினும் படித்ததை அப்படியே ஏற்பது அவர் இயல்பன்று. தம் கையாற் செய்துகண்டே துணிவார். 1812ஆம் ஆண்டு துத்தநாக வட்டுகளையும் செப்புக் காசுகளையும் உப்புநீரில் தோய்ந்த தாள்களையும் மாறிமாறி அடுக்கித் தாமே ஒரு மின்கலத்தை ஆக்கினார். விஞ்ஞானச் சொற்பொழிவு கேட்கக் கட்டணம் இன்றி அவர் தவித்தபொழுது, கொல்லராகிய தமையனார் இராபர்ட்டு தம் உழைப்பில் ஈட்டிய ஷில்லிங்கை அவருக்கு ஈந்தார். எம் கட்டணத்திற்கெனச் சிற்றப்பா சேர்த்துவைத்த பணத்தை இவ்விடத்தில் யாம் நினையாதிருத்தல் கூடவில்லை.

டேவியின் துணைவர்

அவ்வாண்டே இராயல் இன்ஸ்டிடியூஷனில் சர் ஹம்ப்ரி டேவி ஆற்றிய சொற்பொழிவுகள் நான்கினைக் கேட்க வாடிக்கைக்காரர் ஒருவர் பாரடேக்குச் சீட்டளித்தார். கேட்டவற்றை விரிவாக எழுதி, படங்கள் வரைந்து, தாமே கட்டடம் செய்து டேவிக்கு அனுப்பினார். அந்நூலே அவருக்குப் பரிந்துரையாயிற்று. 1813ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள் அவர் ஆய்வுக்கூட உதவியாளரானார். ஊதியம் வாரத்திற்கு 25 ஷில்லிங்.

அவ்வாண்டின் இறுதியில் டேவியோடு ஐரோப்பாவில் யாத்திரை புறப்பட்டார். உதவியாளராகச் சென்றவர் பணியாளன் வேலையையும் ஏற்க நேர்ந்தது. டேவியின் மனைவியார் அவரை வேலைக்காரராகவே நடத்தினார். அவ்விழிவைப் பொறுத்துக்கொண்டு அவர் கற்றவை பல. 1814ஆம் ஆண்டு மிலான் நகரில், மின்கலத்தை முதன்முதல் ஆக்கிய முதியவர் வோல்ட்டாவைக் கண்டார். பேட்டரிக்குத் தந்தையாவாரும் டைனமோவுக்குத் தந்தையாகப் போகின்றவரும் ஒருவரையொருவர் கண்ட நாள் அது. அதனை அன்று அறிந்தவர் எவருமிலர்.

1831ஆம் ஆண்டு

1821ஆம் ஆண்டு பாரடே சாரா பர்னார்டு என்னும் நங்கையை மணந்தார். அவ்வாண்டிலேயே மின்சாரம் பாயும் கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுழலுமாறு செய்துகாட்டினார். மின்சாரத்தினின்று காந்தம் பிறக்குமாயின் காந்தத்தினின்று மின்சாரம் பிறவாதோ என்னும் வினா அவர் உள்ளத்திற் குடிகொண்டது. பலமுறை முயன்றார், பலமுறையும் தோற்றார். தோல்விகளையும் நாட்குறிப்பில் மறையாது எழுதிவைத்தார்.

1831ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29ஆம் நாள் மெல்லிரும்பு வளையம் ஒன்றை எடுத்து, அதன் இருபுறத்தும் செப்புக் கம்பியைத் தனித்தனியே சுற்றினார். கம்பியோடு கம்பி தொடாதபடி நூற்கயிற்றையும் காலிகோ என்னும் பருத்தித் துணியையும் இடையிட்டார். காலிகோ என்பது நம் கோழிக்கோட்டின் பெயரால் வழங்கிய துணி. நெசவூரிற் பிறந்த எமக்கு இச்செய்தி தனியின்பம் தந்தது. ஒரு சுருளைப் பேட்டரியோடு இணைத்தபொழுது, அதனைத் தொடாத மறு சுருளை அடுத்த காந்த ஊசி ஒருமுறை அசைந்து நின்றது; இணைப்பை நீக்கியபொழுது மீண்டும் அசைந்தது. இடையில் அசைவில்லை. நிலையாய் நிற்கும் காந்தத்தைக் கொண்டே மின்சாரம் எழுமென்று எதிர்நோக்கியிருந்தவர் பலர். மாறுதலே அதனை எழுப்புகின்றது என்பதனைப் பாரடே கண்டார். அக்டோபர்த் திங்கள் 17ஆம் நாள் சுருளுக்குள் காந்தக் கோலைச் செலுத்தியும் வாங்கியும் அவ்வுண்மையை உறுதி செய்தார். 28ஆம் நாள் பெரிய காந்தத்தின் முனைகளுக்கிடையே செப்பு வட்டு ஒன்றைச் சுழற்றினார். அச்சிலும் விளிம்பிலும் உராயுமாறு உலோகத் துண்டுகளை வைத்து, ஓயாது ஓடும் மின்சாரத்தைப் பெற்றார். உலகின் முதல் டைனமோ அதுவே. எம் வண்டியில் தேய்ந்துபோன கார்பன் துண்டுகளுக்கு மூதாதையர் அவ்வுராயும் துண்டுகளே ஆதலை உணர்ந்தபொழுது எமக்கு வியப்பு மேலிட்டது.

அதன்பின், மின்சாரம் திரவங்களிற் பாய்ந்து பொருள்களைப் பிரிக்கும் வகையை ஆராய்ந்தார். பாய்ந்த மின்சாரம் எவ்வளவோ அவ்வளவே பொருளும் மாறும் என்னும் விதியை 1834ஆம் ஆண்டளவில் நிறுவினார். 1859ஆம் ஆண்டு பிரெஞ்சு நாட்டுப் பிளாண்டே என்பார் ஈயத் தகடுகளைக் கந்தகத் திராவகத்தில் இட்டு, மீண்டும் மீண்டும் நிரப்பத்தக்க பேட்டரியைச் செய்தார். அதுவும் இவ்விதிக்கு அடங்கியதே. ஏற்றியதற்குமேல் எந்தப் பேட்டரியும் தாராது. வெறுமையாய் நெடுநாள் கிடப்பின் தகடுகளில் வெண்படிவு இறுகி, ஏற்றுவதையும் ஏலாதாகும்.

குணநலன்கள்

அவருடைய ஆராய்ச்சிக் குறிப்புகள் எண்ணிடப்பெற்று 16,041 வரை சென்றன. ஏறத்தாழ 1840ஆம் ஆண்டில் உடல் தளர்ந்து நினைவாற்றலும் அவரைக் கைவிடத் தொடங்கிற்று. நேற்றுச் செய்ததை இன்று மறக்கும் நிலையிலும், குறிப்பேட்டையே துணையாகக் கொண்டு 1845ஆம் ஆண்டு ஒளியின்மீது காந்தம் செயற்படுதலைக் கண்டார். உயர்கணிதம் அறியாமை அவருக்கிருந்த குறை. அதனை மறைக்க அவர் முயலவில்லை. அவர் கருத்துகளைப் பின்னர் மாக்ஸ்வெல் கணித மொழியில் அமைத்தளித்தார்.

வணிகர்க்கு ஆலோசனை கூறிப் பெரும்பொருள் ஈட்டும் வாய்ப்பை அவர் ஆராய்ச்சியின்பொருட்டுத் துறந்தார். சர் பட்டத்தையும் இராயல் சொசைட்டியின் தலைமையையும் ஏற்க மறுத்தார். தாம் சார்ந்த சிறிய சபையில் எளிய மக்களோடு வழிபட்டு, அங்கு மூப்பராகவும் பணியாற்றினார். சிறுவர்களுக்கெனக் கிறிஸ்துமஸ் காலச் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அவற்றுள் மெழுகுவர்த்தியைப் பற்றியவை நூல்வடிவிலும் புகழ்பெற்றன.

இறுதிக்காலம்

1858ஆம் ஆண்டு விக்டோரியா அரசியார் அளித்த ஹாம்ப்டன் கோர்ட்டு இல்லத்தில் தம் கடைசி நாட்களைக் கழித்தார். 1867ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25ஆம் நாள் நாற்காலியில் அமர்ந்தபடியே உயிர் நீத்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் பெறும் சிறப்பை முன்னரே வேண்டாவென்றமையால், ஹைகேட்டுக் கல்லறையில் எளிய முறையில் அடக்கம் செய்யப்பெற்றார்.

முடிவுரை

மாணவ நண்பர்காள்! பாரடேயின் புகழுக்குக் காரணம் அறிவொன்று மட்டுமன்று. ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்து, கண்டதையே கண்டதாகக் கொண்டு, காணாததன்மேற் பழிசுமத்தாத நேர்மையே அதன் வேர். அந்நேர்மையை யாம் நூலிற் காணுமுன் மெக்கானிக் பெரியவர் ஒருவரின் எண்ணெய் படிந்த கைகளிற் கண்டோம். அன்று மாலை யாம் பேட்டரிக் கடைக்குச் சென்று, மனத்தாற் செய்த பழிக்கு அவ்வணிகரிடம் மன்னிப்பு வேண்டினோம். அவர் நகைத்துத் தேநீர் தந்தார். கட்டணம் சிறிது தாழ்த்தே செலுத்தப்பெற்றது. சிவப்பு விளக்கு புதிதாக மாட்டப்பெற்றுள்ளது. பாட்டியார் ஞாயிறுதோறும் அவ்வண்டியிலேயே ஆலயம் செல்கின்றார். யாம் திங்கள்தோறும் மீட்டரை வைத்து அளவினைக் குறிப்பேட்டில் எழுதி வருகின்றோம்.