கருமான் மகனும் கிரேக்கச் சொற்களும்

மைக்கேல் ஃபாரடே 1791-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள், இலண்டன் மாநகரை அடுத்த நியூவிங்டனில் பிறந்தார். தந்தையார் கருமான், குடும்பமோ வறியது. எழுத்தும் வாசிப்பும் கணக்கும் ஓரளவு கற்றதோடு பள்ளிப் படிப்பு நின்றது. 14 வயதில் புத்தக பைண்டிங் கடையொன்றில் தொழில் பழகச் சேர்ந்தார். பிறர் பைண்டு செய்யக் கொடுத்த நூல்களையே இவர் படித்தார். 1812-இல் சர் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு, எடுத்த குறிப்புகளைத் தாமே பைண்டு செய்து அவருக்கே அனுப்பினார். மறு ஆண்டு ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் பணி கிடைத்தது.

1831-இல் அவர் கண்ட மின்காந்தத் தூண்டல் நம் பாடநூலிலேயே உள்ளது. நான் கூற வந்தது 1834-ஆம் ஆண்டுச் செய்தி.

கரைசல்களில் மின்சாரம் செலுத்தி ஆராய்ந்தவருக்குத் துருவம் என்ற பழைய சொல் இடையூறாயிற்று. காந்தம்போல் அது துகள்களை இழுக்கிறது என்ற தவறான எண்ணத்தை அச்சொல் ஊட்டியது. புதிய சொற்கள் வேண்டும். அவை கிரேக்கத்திலிருந்து வந்தால்தான் அறிஞர் உலகம் ஏற்கும். ஃபாரடேயோ கிரேக்கம் பயிலாதவர். அதை மறைக்கவுமில்லை. மருத்துவ நண்பர் நிக்கோலைக் கேட்டார். பின்னர் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் வில்லியம் ஹியூவெலுக்குக் கடிதம் எழுதினார். ஹியூவெல் ஒரு தச்சரின் மகன்!

ஹோடாஸ் என்றால் கிரேக்கத்தில் வழி. ஆனா என்றால் மேல், கேட்டா என்றால் கீழ். ஆகவே ஆனோடு ஏறும் வழி; கேத்தோடு இறங்கும் வழி. பூமியைச் சுற்றிக் கிழக்கிலிருந்து மேற்காக மின்னோட்டம் செல்வதாக ஃபாரடே கற்பனை செய்திருந்தார். அதனால் கதிரவன் எழும் பக்கம் ஒன்று, விழும் பக்கம் மற்றொன்று. அயான் என்றால் செல்வது. எலெக்ட்ரோலைட்டில் உள்ள லைட், அவிழ்த்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்தது.

நேர்மின்வாய், எதிர்மின்வாய் என்று தமிழில் படித்து வந்த நாம் முதலாண்டில் ஆனோடு, கேத்தோடு எவையெனத் திண்டாடுவதை ஆசிரியப் பெருமக்கள் நன்கறிவர். அகராதியை நெட்டுருப் போடுவதினும் வேரை அறிவது எளிதென்றே எனக்குப் படுகிறது. மெத்தட், பீரியட் என்னும் சொற்களிலும் அதே ஹோடாஸ் உண்டு. பீரியட் என்பது சுற்றி வரும் வழி. அனாலிசிஸ், ஹைட்ராலிசிஸ், பாரலிசிஸ் ஆகிய மூன்றிலும் அவிழ்வது ஒரே முடிச்சுதான்.

பின்னரும் சொல் வேண்டியபோது கேம்பிரிட்ஜுக்குக் கடிதம் சென்றது. 1850-இல் பாராமேக்னடிக் என்ற சொல் அவ்வாறு வந்ததே. ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவியை ஏற்க மறுத்த ஃபாரடே, 1867 ஆகஸ்டு 25-இல் மறைந்தார். 1919-இல் எக்கிள்ஸ் என்பவர் டயோடு என்று பெயரிட்டார். டை என்றால் இரண்டு. ஓடு அதே ஹோடாஸ்.