புகையிடம் வேலை வாங்கிய பொறியாளர்!

கார் ஓடுகிறது. பின்னால் புகை போகிறது. அந்தப் புகையை யாராவது மதிப்பது உண்டா? மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கிப் போவோம்.

ஒருவர் மட்டும் ஒதுங்கவில்லை. அந்தப் புகைக்குள் பெரிய சக்தி ஒளிந்து இருக்கிறது என்று அவர் கண்டார். அதைப் பிடித்து வேலை வாங்கினார். அதற்கு அவருக்கு 20 ஆண்டுகள் ஆயின!

அவர் பெயர் ஆல்பிரட் பூக்கி. டர்போ, டர்போ என்று இன்று சொல்கிறோமே, அதன் தந்தை அவர்தான்.

டர்போ தஞ்சை வட்டாரத்துக்குப் புதிது அல்ல. குறுவை அறுவடைக்கு வயலில் இறங்கும் எந்திரங்கள் பலவற்றில் அது இருக்கிறது. நெல் மூட்டை ஏற்றிப் போகும் லாரிகளில் இருக்கிறது. மீட்டர் கேஜ் காலத்தில் கும்பகோணம், தஞ்சாவூர் வழியாக ஓடிய டீசல் ரெயில் என்ஜின்களிலும் இருந்தது.

இப்பொழுது இளைஞர்கள் சிலருக்குப் புதிய ஆசை வந்து இருக்கிறது. தங்கள் காரில் டர்போ மாட்ட வேண்டும். ஏற்கனவே டர்போ இருந்தால், அதைக் கழற்றிவிட்டுப் பெரிதாக ஒன்று மாட்ட வேண்டும். கார் பறக்க வேண்டும்!

ஆசை தவறு அல்ல. ஆனால், பட்டறைக்குப் போகும் முன்பு பூக்கியின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. பணமும் மிஞ்சும், என்ஜினும் மிஞ்சும்.

தொழிற்சாலை ஊரில் பிறந்தவர்

ஐரோப்பாவில் சுவிட்சர்லாந்து என்று ஒரு சிறிய நாடு. மலையும் பனியும் நிறைந்தது. அங்கே வின்டர்தூர் என்று ஒரு நகரம். என்ஜின்கள் செய்யும் சுல்சர் கம்பெனி அந்த ஊரில்தான் இருந்தது.

அந்த ஊரில் 11-7-1879 அன்று பூக்கி பிறந்தார். அவருடைய தந்தை சுல்சர் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்தார். பிள்ளை எந்திரப் படிப்புக்குப் போனதில் ஆச்சரியம் இல்லை. சூரிச் நகரில் உள்ள புகழ் பெற்ற தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்து, 1903-ல் படிப்பை முடித்தார். பிறகு பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும் வேலை பார்த்தார்.

அப்பொழுது டீசல் என்ஜின் புதிதாக வந்த காலம். எல்லோரும் அதைப் பார்த்து வியந்தார்கள். பூக்கியின் கண்ணில் மட்டும் ஒரு குறை பட்டது.

எண்ணெய் எரிகிறது. சூடு பிறக்கிறது. அந்தச் சூட்டில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வேலையாக மாறுகிறது. மற்றதில் ஒரு பகுதி என்ஜினைக் குளிர வைக்கும் தண்ணீரோடு போகிறது. இன்னொரு பெரும் பகுதி புகையோடு வெளியே போகிறது. மூன்று ஆளுக்குக் கூலி கொடுத்து, ஒரே ஆள் நடவு நட்டால் எந்த மிராசுதார் பொறுப்பார்? பூக்கியாலும் பொறுக்க முடியவில்லை.

26 வயதில் வந்த யோசனை

கொல்லன் பட்டறையைப் பார்த்து இருப்பீர்கள். துருத்தியை ஊத ஊத, உலை ஜொலிக்கும். காற்று அதிகம் போனால் நெருப்பும் அதிகம். என்ஜினும் அப்படித்தான். சிலிண்டருக்குள் கூடுதலாகக் காற்றை அடைத்தால், கூடுதலாக எண்ணெயை எரிக்கலாம். அதே அளவு என்ஜினில் அதிக சக்தி கிடைக்கும்.

ஆனால் துருத்தியை ஊதுவதற்கு ஆள் வேண்டுமே?

புகையே ஊதட்டும் என்றார் பூக்கி! வெளியே பாயும் புகையின் வழியில் ஒரு சக்கரம். புகை மோதி அது சுழலும். அதே தண்டின் மறு முனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, என்ஜினுக்குள் தள்ளும். இதுதான் டர்போ. இந்த யோசனைக்கு ஜெர்மனியில் 16-11-1905 அன்று காப்புரிமை பதிவு செய்தார். அப்பொழுது அவருக்கு வயது 26.

நடக்கவில்லை!

யோசனை பிரமாதம். காகிதத்தில் ஓடியது. பட்டறையில் ஓடவில்லை.

1909-ல் சுல்சர் கம்பெனியில் டீசல் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவர் ஆனார். அங்கே 1915-ல் ஒரு மாதிரி என்ஜின் தயார் ஆயிற்று. அதுவும் சரிப்படவில்லை. புகையின் சூட்டைத் தாங்கும் உலோகம் அன்று இல்லை. காற்றைத் தள்ளும் சக்கரத்துக்கும் திறமை போதவில்லை.

இதற்கிடையே முதல் உலகப்போர் வந்தது. ஆகாய விமானம் உயரே போகப் போக காற்று மெலிந்து, என்ஜினுக்கு மூச்சு முட்டியது. ஆகவே மற்ற நாட்டாரும் டர்போவைத் தேடி வந்தார்கள். 1918-ல் அமெரிக்காவில் சான்போர்டு மாஸ் என்பவர், ஒரு விமான என்ஜினை லாரியில் ஏற்றிக்கொண்டு 14 ஆயிரம் அடி உயரமுள்ள பைக்ஸ் பீக் மலை உச்சிக்கே போய்விட்டார். தரையில் 350 குதிரைச் சக்தி கொடுத்த அந்த என்ஜின், உச்சியில் 230-தான் கொடுத்தது. டர்போவை மாட்டினார். 356 ஆயிற்று!

பூக்கி மலை ஏறவில்லை. சாதாரணத் தரையில், தினமும் உழைக்கிற என்ஜினில் டர்போ நிலைத்து நிற்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம்.

வாய்க்கால் எதிர்த்தது

20 ஆண்டுப் போராட்டத்தின் முடிவு 1925-ல் வந்தது. வேடிக்கை என்னவென்றால், வெற்றி டர்போவுக்குள் மட்டும் இல்லை. டர்போவைச் சுற்றி இருந்த குழாயிலும் வால்விலும் இருந்தது!

மழைக்காலத்தில் நம் வயல்களில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். நாலைந்து வாய்க்கால் ஒரே வடிகாலில் விழுந்தால், ஒன்றின் தண்ணீர் மற்றொன்றில் எதிர்த்து ஏறும். வயல் வடியாது. பயிர் மூழ்கும். என்ஜினிலும் அதுதான் நடந்தது. எல்லாச் சிலிண்டர்களின் புகையும் ஒரே குழாயில் விழுந்தது. ஒரு சிலிண்டர் கக்கிய புகை, இன்னொரு சிலிண்டரின் வாயை அடைத்தது.

பூக்கி குழாயைப் பிரித்தார். ஒன்றுக்கொன்று இடைஞ்சல் செய்யாத சிலிண்டர்களாகப் பார்த்துச் சேர்த்து, தனித்தனிக் குழாய் வைத்தார். புகை மோதாமல், குதித்துக் குதித்து வந்து டர்போச் சக்கரத்தை அடித்தது.

அடுத்து வால்வு. காற்று உள்ளே வருவதற்கு ஒரு கதவு. புகை வெளியே போவதற்கு ஒரு கதவு. கண நேரம் இரண்டையும் சேர்த்துத் திறந்து வைத்தார். நம் வீட்டில் வாசல் கதவையும் கொல்லைக் கதவையும் ஒன்றாகத் திறந்தால், காற்று வீட்டையே துடைத்துக்கொண்டு போகும் அல்லவா? அதுபோல, புதிய காற்று உள்ளே பாய்ந்து மிச்சப் புகையைத் துரத்தியது. சிலிண்டரையும் குளிர வைத்தது.

பலன்? சக்தி 40 சதவீதத்துக்கு மேல் கூடியது!

அடுத்த ஆண்டே இரண்டு ஜெர்மானியப் பயணிக் கப்பல்களில் பூக்கியின் டர்போ ஏறியது. 1,750 குதிரைச் சக்தி என்ஜின், 2,500 குதிரைச் சக்தி கொடுத்தது. என்ஜின் பெரிதாகவில்லை. அதே சிலிண்டர்கள், அதே பிஸ்டன்கள்! பிரவுன் பவேரி கம்பெனி டர்போ செய்ய, வின்டர்தூர் ரெயில் என்ஜின் கம்பெனி டீசல் என்ஜின் செய்ய, பூக்கி பொறியியல் பொறுப்பை ஏற்க, ஒரு கூட்டு நிறுவனமும் ஏற்பட்டது.

தண்ணீர் வந்தால் போதுமா?

1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிந்தது. காவிரித் தண்ணீரைத் தேக்கி வைக்க வழி பிறந்தது. அதோடு விட்டார்களா? கல்லணையில் இருந்து புது ஆறு வெட்டினார்கள். அதன் பிறகுதான் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்து மேட்டு நிலங்களுக்குக் காவிரி போயிற்று. கால்வாய் வெட்டாமல் மதகை மட்டும் திறந்து இருந்தால் கரைதான் உடையும்.

டர்போவும் கூடுதல் தண்ணீர் மாதிரி. இதை மறந்த ஒரு பெரிய கம்பெனியின் கதை உண்டு.

1962-ல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்பயர் என்ற கார் வந்தது. டர்போவோடு கடைக்கு வந்த முதல் கார்களில் அது ஒன்று. பெட்ரோல் கார். பெட்ரோலை அளவுக்கு மீறி அழுத்தினால், உரிய நேரத்துக்கு முன்பே தானாக வெடிக்கும். என்ஜின் டொக் டொக் என்று தட்டும். மெக்கானிக்குகள் நாக்கிங் என்பார்கள். நீடித்தால் பிஸ்டன் ஓட்டையாகிவிடும். இதைத் தடுக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை ஜெட்பயரில் தனியாக ஊற்ற வேண்டும். பலர் ஊற்ற மறந்தார்கள். தொல்லை பெருகியது. கடைசியில் பல கார்களில் இருந்து டர்போவையே கழற்றிவிட்டார்கள்!

பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி என்றால், நம் பட்டறையில் மாட்டுகிறவர் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

முதலில் பழைய என்ஜினின் உடம்பைச் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று மெக்கானிக் கருவி வைத்துப் பார்ப்பார். அது சரியில்லை என்றால் டர்போ பேச்சே வேண்டாம்.

அடுத்தது, எந்த அளவு டர்போ? பெரிது வாங்கினால் பெருமை என்று நினைப்பது தவறு. பெரிய சக்கரம் சுழன்று வேகம் பிடிக்க நேரம் ஆகும். சிறிய சக்கரம் மிதித்தவுடன் எழும். ஆனால், உச்ச வேகத்தில் மூச்சு முட்டும். தஞ்சாவூரில் இருந்து கும்பகோணம் போகிற ரோட்டை நினைத்துப் பாருங்கள். மூலைக்கு மூலை ஊர். வளைவுக்கு ஒரு வாய்க்கால் பாலம். அறுவடை நாளில் ரோட்டிலேயே நெல் காயும். அங்கே பெரிய டர்போ விழிப்பதற்குள் பிரேக் போட வேண்டி வரும்! இந்த வட்டாரத்துக்குச் சிறியதே போதும் என்பது என் எண்ணம்.

டர்போ வந்தால் அதன் பரிவாரமும் வர வேண்டும். அழுத்திய காற்று 100 டிகிரிக்கு மேல் சுடும். சூடான காற்று நாக்கிங்கை வரவழைக்கும். அதைக் குளிர வைக்க இண்டர்கூலர் வேண்டும். கூடுதல் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் வேண்டும். அதைக் கொடுக்கப் பெரிய பம்பும் இன்ஜெக்டரும் வேண்டும். அளவை நிர்ணயிக்கும் என்ஜின் கம்ப்யூட்டரையும் மாற்றி அமைக்க வேண்டும். அப்படியே விட்டுவிட்டால் கிளட்ச் நழுவும். வேகம் கூடிய பிறகு பழைய பிரேக்கை நம்பிப் போவது புத்திசாலித்தனம் அல்ல. அழுத்தத்தைக் கொஞ்சமாகக் கூட்டினால் பழைய பிஸ்டன் தாங்கலாம். அதிகம் கூட்டினால் பிஸ்டன், கேஸ்கட் எல்லாம் மாற்ற வேண்டும். செலவு டர்போவின் விலையோடு நிற்காது என்பதை வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுவது உத்தமம்.

டர்போச் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதைக் காப்பாற்றுவது ஆயில் ஒன்றுதான். நல்ல ஆயிலைக் காலத்தில் மாற்ற வேண்டும். வேகமாக ஓட்டி வந்ததும் சாவியைத் திருப்பக் கூடாது. ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டு நிறுத்த வேண்டும்.

இன்னொன்று: மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டம்போல் மாற்ற விடுவது இல்லை. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்க வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்ல வேண்டும். சொல்லாமல் மாற்றிவிட்டு விபத்து நேர்ந்தால், நஷ்டஈடு கிடைப்பது சந்தேகம்.

இன்று விற்கும் டர்போக்களில், புகை வருவதற்கு இரட்டை வாய் வைத்த ரகம் ஒன்று உண்டு. குழாயைப் பிரித்தாரே பூக்கி, அதே வித்தைதான்!

தம்முடைய சக்கரம் கார்களில் சுழன்று கடைக்கு வந்ததைப் பூக்கி பார்க்கவில்லை. 27-10-1959 அன்று, பிறந்த ஊரான வின்டர்தூரிலேயே காலமானார். அவருக்கு வயது 80. ஜெட்பயர் வெளிவர அப்பொழுது இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன.