செனட் அவையின் வாசலில் அம்பேத்கர்

1924ஆம் ஆண்டு, பம்பாய்ப் பல்கலைக்கழகத்தைச் சீர்திருத்துவதற்காகச் சிமன்லால் செத்தல்வாட் தலைமையில் அரசு அமைத்த குழு, கல்வியாளர்களுக்கு நீண்ட வினாப்பட்டியல் ஒன்றை அனுப்பியது. விடை எழுதியவர்களுள் ஒருவர் லண்டனிலிருந்து முந்தைய ஆண்டுதான் திரும்பியிருந்த முப்பத்து மூன்று வயது வழக்கறிஞர். கொலம்பியா, லண்டன் ஆகிய இரு பெரும் பல்கலைக்கழகங்களின் உள்ளும் புறமும் அறிந்தவர். அண்ணல் அம்பேத்கரை அரசியல் சட்டத்தின் சிற்பியாகவும் மகத் போராட்டத்தின் தலைவராகவும் நாம் நினைவுகூர்கிறோம். பல்கலைக்கழகச் சீர்திருத்தத்தில் அவர் காட்டிய அக்கறை அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

அந்த அக்கறை அவர் பட்ட பாடுகளிலிருந்தே முளைத்தது. பள்ளியில் சமற்கிருதம் பயில விரும்பியவருக்கு அது மறுக்கப்பட்டது. பாரசீகம் எடுத்துப் படித்தார். 1907இல் மெட்ரிகுலேஷன் தேறி எல்பின்ஸ்டன் கல்லூரியில் சேர்ந்தபோது, அங்கிருந்த உணவு விடுதிக்காரர் அவருக்குத் தேநீரோ தண்ணீரோ தரவில்லை. 1912இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டு, பரோடா மன்னரின் உதவித்தொகையோடு நியூயார்க் சென்றார். உதவித்தொகைக்கு ஈடாகப் பரோடா அரசில் பத்தாண்டுகள் பணிபுரிய ஒப்பந்தமும் செய்திருந்தார்.

கொலம்பியாவில் அவருக்கு வாய்த்த ஆசிரியர்கள் ஜான் டூயி, செலிக்மன் போன்றோர். நூல் எழுதுபவரே வகுப்பிலும் வந்து பாடம் நடத்துவார். ஆய்வு செய்பவரே மாணவருடன் விவாதிப்பார். பம்பாயில் அத்தகைய நிலை இல்லை. 1857இல் லண்டனை முன்மாதிரியாகக் கொண்டு தொடங்கப்பட்ட பம்பாய்ப் பல்கலைக்கழகம் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே நெடுங்காலம் இருந்தது. கற்பிக்கும் பணி கல்லூரிகளுக்கு உரியது. அக்குறையைப் போக்கப் பலரும் முன்வைத்த வழி, பட்டமேற்படிப்பை மட்டும் பல்கலைக்கழகம் தன் கையில் எடுத்துக்கொண்டு, இளநிலைப் படிப்பைக் கல்லூரிகளிடமே விட்டுவிடுவது.

செத்தல்வாட் குழுவுக்கு அளித்த விடையில் அம்பேத்கர் இந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. இளநிலையையும் மேல்நிலையையும் பிரித்தால் இரண்டும் நலியும் என்பது அவர் வாதம். தேர்ந்த அறிஞர்களின் நிழல்கூட இளநிலை மாணவர்மீது படாது. ஆய்வும் கற்பித்தலின் உயிர்ப்பை இழக்கும். கல்லூரிகள் பல்கலைக்கழகத்தின் பங்காளிகளாகி, கற்பித்தலில் ஒன்றிணைய வேண்டும் என்றார். நிர்வாக நுணுக்கம் போலத் தோன்றும் இக்கருத்தின் சமூகப் பொருளை நாம் தவறவிடக் கூடாது. ஒடுக்கப்பட்ட வீட்டிலிருந்து முதன்முதலாகப் படிக்க வரும் பிள்ளை இளநிலையிலேயே நின்றுவிடும் வாய்ப்பு அதிகம். நல்லாசிரியர்களை எல்லாம் மேல்தளத்துக்கு அனுப்பிவிட்டால், அந்தப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் என்பது தேர்வுத் தாளாகவும் கட்டண ரசீதாகவும் சுருங்கிவிடும்.

ஆசிரியப் பணியிலும் அவர் பட்ட அனுபவம் வேறல்ல. 1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியரானபோது, ஆசிரியர்களுக்கான தண்ணீர்ப் பானையை அவர் தொடுவதைச் சக பேராசிரியர்கள் சிலர் எதிர்த்தனர். அங்கே சேர்த்த பணத்தைக் கொண்டு 1920இல் மீண்டும் லண்டன் சென்றார். 1923இல் முனைவருக்கு மேற்பட்ட டி.எஸ்சி. பட்டம் பெற்றார்.

1927இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் நியமன உறுப்பினராக அவர் அமர்ந்தார். மார்ச் 12 அன்று கல்வி மானியத்தின் மீது பேசியபோது, கணக்கு வழக்கோடு வந்திருந்தார். மக்கள்தொகையில் இரண்டு லட்சம் பேருக்கு எத்தனை பேர் கல்லூரியில் படிக்கின்றனர் என்று பார்த்தால், முன்னேறிய இந்துக்களில் ஆயிரம் பேர்; பிற்படுத்தப்பட்ட வகுப்பாரில் ஏறத்தாழச் சுழியம். எட்டு நாள் கழித்து, மார்ச் 20 அன்று, மகத் நகரின் சவுதார் குளத்தில் இறங்கி நீர் அள்ளிப் பருகினார். குளத்தை நாம் அறிவோம். அதற்கு முந்தைய வாரத்துக் கணக்கையும் அதனோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

பல்கலைக்கழகச் சட்டத் திருத்த மசோதா அதே ஆண்டில் அவைக்கு வந்தது. ஜூலை 27 அன்று அவர் ஆற்றிய உரையின் மையம் செனட் அவை. பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் இயற்றும் மன்றம் அது. அதில் பிற்படுத்தப்பட்ட சமூகங்களுக்கு இடம் வேண்டும் என்றும், உயர்கல்வியை அவர்களிடம் கொண்டு சேர்ப்பது பல்கலைக்கழகத்தின் அடிப்படைக் கடமை என்றும் வாதிட்டார். பொருளாதார நலன்கள் எதையும் விட்டுக்கொடுக்கலாம், உயர்கல்வி உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது என்பது அவர் நிலைப்பாடு.

இங்கே ஒரு முரண் இருப்பதாகச் சிலர் கருதக்கூடும். தேர்தல் ஜனநாயகம், நியமனம் காலனிய அரசின் கருவி. ஜனநாயகவாதியான அம்பேத்கர் நியமனத்துக்கு ஏன் இடம் தர வேண்டும்? பட்டதாரிகள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அவையில், பட்டதாரிகளே இல்லாத சமூகத்துக்கு இடம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு விடை கண்டுவிட்டால் அந்த முரண் கரைந்துவிடும். சுயாட்சி என்ற பெயரில் நடக்கும் சீர்திருத்தம், ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களின் ஆட்சியாக மாறிவிடலாம். அதை அவர் 1927இலேயே கண்டுகொண்டார். 1928இல் பம்பாய்ப் பல்கலைக்கழகப் புதுச் சட்டம் நிறைவேறியது.

அரசுச் சட்டக் கல்லூரியில் கற்பித்து, 1935இல் அதன் முதல்வரானார். சட்டக் கல்வியை எப்படித் திருத்தியமைக்கலாம் என்பது குறித்தும் அக்காலத்தில் எழுதினார். எனினும் அப்பதவியின் எல்லை குறுகியது. 1942இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானபின் கோரிக்கையின் அளவு மாறியது. அலிகர், பனாரஸ் பல்கலைக்கழகங்களுக்கு அரசு ஆண்டுதோறும் மூன்று லட்சம் ரூபாய் தருவதைச் சுட்டிக்காட்டி, பட்டியல் சாதியினரின் உயர்கல்விக்கும் அதே தொகையைக் கேட்டார். அது கிடைத்தது. பட்டியல் சாதி மாணவர்கள் சிலர் வெளிநாடு சென்று பயில அந்நிதி உதவியது.

1945 ஜூலை 8 அன்று மக்கள் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்தார். மறு ஆண்டு ஜூனில் பம்பாயில் சித்தார்த் கல்லூரி, படைவீரர்கள் தங்கியிருந்த கொட்டகைகளில் தொடங்கப்பட்டது. பகலில் வேலை செய்து பிழைக்கும் இளைஞர்களும் படிக்கும் வகையில் காலை வகுப்புகள் நடந்தன. பல்கலைக்கழகக் குழுக்கள் ஆண்டுக்கணக்கில் அலசிய கேள்விக்கு, வகுப்பு தொடங்கும் நேரத்தை மாற்றி விடை சொன்னார் எனலாம்.

1950இல் அவுரங்காபாத்தில் அவர் தொடங்கிய கல்லூரி பின்னர் மிலிந்த் கல்லூரி எனப் பெயர் பெற்றது. நிஜாம் ஆட்சியில் பின்தங்கிக் கிடந்த மராத்வாடாவில் தலித் இளைஞர்களுக்கு அது திறந்துவிட்ட கதவு பெரிது. 1956 டிசம்பர் 6 அன்று அம்பேத்கர் மறைந்தார். 1958இல் அதே நகரில் மராத்வாடாப் பல்கலைக்கழகம் உருவானது. அதற்கு அம்பேத்கரின் பெயரைச் சூட்ட 1978 ஜூலை 27 அன்று மகாராஷ்டிரச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியவுடன், மராத்வாடாவின் சிற்றூர்களில் தலித்துகளின் வீடுகள் எரிக்கப்பட்டன, உயிர்கள் பறிபோயின. தீர்மானம் கிடப்பில் போடப்பட்டது. பெயர் மாற்றத்துக்கான போராட்டத்தில் மாணவர்களும் தலித் இளைஞர்களும் பதினாறு ஆண்டுகள் நின்றார்கள். 1994 ஜனவரி 14 அன்று, மராத்வாடா என்ற சொல்லையும் உடன் வைத்துக்கொண்டு, அப்பல்கலைக்கழகம் டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர் மராத்வாடாப் பல்கலைக்கழகம் ஆனது.