மனச்சான்றை அடகுவைக்காத உழவர்
அருளாளர் பிரான்ஸ் யேகர்ஷ்டெட்டர்

புனிதர்கள் என்றதும் துறவாடை தரித்தவர்களும், ஆயர்களும், மறைவல்லுநர்களுமே பெரும்பாலும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றனர். மாடு வளர்த்து, நிலம் உழுது, மனைவி மக்களோடு வாழ்ந்து, ஞாயிறு தவறாது ஆலயம் சென்ற ஓர் எளிய குடியானவரும் மறைசாட்சியாகத் திருச்சபையின் வணக்கத்துக்கு உயர்த்தப்படலாம் என்பதை நாம் எளிதில் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒஸ்திரிய நாட்டின் மூலையிலுள்ள ஒரு சிற்றூரில் வாழ்ந்து, 36ஆவது வயதில் கொலைக்களத்தில் உயிர்நீத்த பிரான்ஸ் யேகர்ஷ்டெட்டர் அத்தகைய ஒருவர். குடும்பமாக இறைவனைத் தேடும் நமக்கு அவரது வாழ்வு ஆறுதலையும் தருகின்றது; கடினமானதொரு கேள்வியையும் எழுப்புகின்றது.

1907ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் திகதி மேல் ஒஸ்திரியாவின் சாங்க்ட் ராடேகுண்ட் என்னும் கிராமத்தில் அவர் பிறந்தார். ஹிட்லர் பிறந்த பிரவுனாவ் நகரம் அங்கிருந்து வெகுதொலைவில் இல்லை. தாய் ரோசாலியா ஒரு பண்ணை வேலைக்காரி. தந்தையும் ஏழைத் தொழிலாளி. வறுமை காரணமாக அவ்விருவராலும் திருமணம் செய்துகொள்ள இயலவில்லை. முதலாம் உலகப் போரில் தந்தை மாண்டார். பக்தி மிகுந்த பாட்டியே குழந்தையை வளர்த்தார். 1917இல் தாய் யேகர்ஷ்டெட்டர் என்னும் உழவரை மணந்தபோது, அவர் சிறுவனைத் தம் மகனாக ஏற்றுத் தம் பெயரையும் அளித்தார். புதிய இல்லத்தில் நூல்கள் இருந்தன. கிராமப் பள்ளியோடு கல்வி நின்றுபோன போதிலும் வாசிக்கும் பழக்கம் பிரான்சை விட்டு இறுதிவரை அகலவில்லை.

இளமையில் அவர் புனிதராக வாழ்ந்தார் என்று கூறுவதற்கில்லை. துடிப்பும் முன்கோபமும் மிக்க இளைஞராகவே ஊரார் அவரை அறிந்திருந்தனர். 1927 முதல் மூன்று ஆண்டுகள் அய்சனேர்ட்ஸ் என்னுமிடத்தில் இரும்புச் சுரங்கத்தில் உழைத்தார். அங்கே அவரது விசுவாசம் ஆட்டங் கண்டது. பின்னர் ஆழமாக வேரூன்றவும் செய்தது. ஊர் திரும்பியபோது மோட்டார் சைக்கிள் ஒன்றில் வந்திறங்கினார். அவ்வூர் கண்ட முதலாவது மோட்டார் சைக்கிள் அதுவே. 1933இல் திருமணமாகாத நிலையில் ஒரு பெண் குழந்தைக்குத் தந்தையானார். அக்குழந்தையை அவர் மறந்துவிடவில்லை. அன்போடு உறவு பேணினார். தவறிய இடத்திலிருந்து இறைவனின் கரம்பற்றி எழுந்தவர் அவர் என்பதை நாம் மறைக்கத் தேவையில்லை. இறையருள் செயலாற்றும் விதமே அதுதான்.

1936ஆம் ஆண்டு பெரிய வியாழனன்று பிரான்சிஸ்கா என்னும் நற்குண நங்கையைக் கரம்பற்றினார். புதுமணத் தம்பதியர் திருப்பயணமாக உரோமாபுரிக்குச் சென்றனர். அந்த இல்லறம் இருவரது ஆன்ம வாழ்வையும் மலரச் செய்தது. சேர்ந்து செபித்தனர்; திருவிவிலியத்தை வாசித்தனர்; அடிக்கடி நற்கருணை உட்கொண்டனர். வயலில் உழைக்கும்போதும் பிரான்ஸ் செபித்தார். வறியவர் வீடுகளுக்கு உணவு கொண்டு சென்றார். மூன்று பெண் குழந்தைகள் அவ்வில்லத்தில் பிறந்தனர். 1940 டிசம்பர் 8ஆம் திகதி பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையில் இணைந்த அவர், 1941 முதல் பங்கு ஆலயத்தின் பணியாளராகவும் தொண்டாற்றினார். விடியலில் ஆலயக் கதவைத் திறப்பதும், பீடத்தை ஆயத்தம் செய்வதும், திருப்பலிக்கு உதவுவதும் அவரது அன்றாடக் கடமைகளாயின.

இதனிடையே நாட்டின் மீது கருமேகம் கவிந்தது. 1938 ஜனவரியில் அவர் ஒரு கனவு கண்டார். அழகிய புகையிரதமொன்று மலையைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்க, பெரியோரும் சிறியோரும் முண்டியடித்து அதில் ஏறினர். அது நரகத்தை நோக்கிச் செல்கின்றது என்று ஒரு குரல் அவருக்கு உணர்த்தியது. நாட்டு மக்கள் அனைவரையும் கவர்ந்திழுக்கும் நாற்சி இயக்கமே அந்தப் புகையிரதம் எனப் பிரான்ஸ் புரிந்துகொண்டார். 1933இல் லின்ஸ் மறைமாவட்டத்தின் அப்போதைய ஆயர் கிஃபோல்னர், அவ்வியக்கத்தின் கொள்கையும் கத்தோலிக்க விசுவாசமும் ஒத்துப்போகா எனத் தம் சுற்றுமடலில் கற்பித்திருந்தார். அப்போதனையை உழவர் மறக்கவில்லை.

1938 மார்ச்சில் ஹிட்லரின் படைகள் ஒஸ்திரியாவுக்குள் புகுந்தன. ஏப்ரல் 10ஆம் திகதி, நாட்டை ஜேர்மனியுடன் இணைப்பதற்கு மக்களின் ஒப்புதல் கோரி வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. ஆயர்களும் ஆதரவாக வாக்களிக்குமாறு கூறியிருந்த வேளை அது. சாங்க்ட் ராடேகுண்டில் எதிர்த்து வாக்களித்தவர் பிரான்ஸ் ஒருவரே. ஊர் அதிகாரிகளோ அந்த ஒற்றை வாக்கையும் மறைத்து, கிராமம் முழுவதும் ஏகமனதாக ஆதரித்ததாக அறிவித்தனர். அதன்பின் அரசு வழங்கிய குடும்ப உதவிப் பணத்தையும் அவர் ஏற்க மறுத்தார். கட்சிக்கெனக் கேட்கப்பட்ட நன்கொடைகளையும் கொடுக்கவில்லை.

1940இல் இராணுவப் பயிற்சிக்கு அழைக்கப்பட்டுச் சென்ற அவர், ஊர்த் தலைவரின் முயற்சியால் 1941 ஏப்ரலில் வீடு திரும்பினார். அக்காலத்தில் அவர் கண்டவையும் கேட்டவையும் அவரது உள்ளத்தை உறுத்தின. மனநலம் குன்றியோரை அரசே கொன்றொழிப்பதாக வந்த செய்திகள் அவரை அதிரவைத்தன. பிற நாடுகள் மீது தொடுக்கப்பட்ட அநீதியான போரில் படைக்கலம் ஏந்துவது பாவம் எனத் தெளிந்தார். மீண்டும் அழைப்பு வந்தால் செல்வதில்லை எனத் தீர்மானித்தார்.

இந்தத் தீர்மானத்தை அவர் அவசரத்தில் எடுக்கவில்லை. குருக்களிடம் ஆலோசனை கேட்டார். லின்ஸ் நகர் சென்று, கிஃபோல்னருக்குப் பின் பொறுப்பேற்றிருந்த ஆயர் ஃபிளீசரையும் சந்தித்தார். குடும்பத் தலைவனுக்குரிய கடமையே முதன்மையானது என்றும், அரசின் செயல்களுக்குக் குடிமகன் பொறுப்பாளி அல்லன் என்றும் அவருக்கு அறிவுரை வழங்கப்பட்டது. தாயார் அழுது மன்றாடினார். உறவினர் கண்டித்தனர். பிரான்சிஸ்காவும் தொடக்கத்தில் கணவரின் மனத்தை மாற்ற முயன்றார். ஆனால் அனைவரும் எதிர்த்து நிற்கையில் தானும் விலகினால் அவருக்கு யாருமே இல்லாது போவர் என்பதை உணர்ந்து, அவர் பக்கமே நின்றார். தம் கணவரை இழக்கப்போகின்றோம் என்று அறிந்தே அந்தப் பெண் அவருக்குத் துணை நின்றார். மறைசாட்சியின் மகுடத்தில் அவருக்கும் பங்குண்டு என்றால் அது மிகையாகாது.

1943 பெப்ரவரி 23ஆம் திகதி மூன்றாவது அழைப்பு வந்தது. மூத்த மகளுக்கு அப்போது ஐந்து வயது. கடைக்குட்டிக்கு மூன்று வயதுகூட நிறையவில்லை. மார்ச் முதலாம் திகதி என்ஸ் நகர்ப் படைமுகாமுக்குச் சென்ற பிரான்ஸ், போரிட இயலாது எனத் தெரிவித்தார். உடனே லின்ஸ் நகரில் சிறைவைக்கப்பட்டார். மே மாதத்தில் பேர்லினிலுள்ள டேகல் சிறைக்கு மாற்றப்பட்டார். காயமுற்றோருக்குப் பணியாற்றும் மருத்துவப் பிரிவில் சேவை செய்ய அவர் முன்வந்தார், அது ஏற்கப்படவில்லை. ஜூலை 6ஆம் திகதி உயர் இராணுவ நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது.

சிறைக்குள் குடும்பத்தின் நினைவு அவரை வாட்டாமலில்லை. தந்தையை விரைவில் வரும்படி அழைக்கும் வாசகத்தை ஏந்தி மூன்று சிறுமியரும் நிற்கும் ஒளிப்படம் ஒன்று அவருக்கு அனுப்பப்பட்டது. அதைக் கண்ட தந்தையின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதைப் பெற்றோராகிய நாம் அறிவோம். ஜூலை மாதத்தில் பிரான்சிஸ்கா பங்குக் குருவோடு பேர்லினுக்குச் சென்று கணவரைச் சந்தித்தார். அதுவே அவர்களின் இறுதிச் சந்திப்பு.

அந்நாட்களில் சிறை ஆன்மகுரு கிரொய்ட்ஸ்பேர்க் ஒரு செய்தியை அவருக்குக் கூறினார். பலோட்டைன் சபைக் குருவாகிய பிரான்ஸ் ரைனிஷ் ஹிட்லருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்து, முந்திய ஆண்டு ஓகஸ்ட் மாதம் கொல்லப்பட்டிருந்தார். தாம் தனித்தவர் அல்லர், ஒரு குருவும் இதே பாதையில் சென்றிருக்கின்றார் என்று அறிந்தபோது உழவரின் நெஞ்சம் பெரும் ஆறுதல் கண்டது.

1943 ஓகஸ்ட் 9ஆம் திகதி அவர் பிராண்டன்பேர்க் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டார். மனைவிக்கும் குடும்பத்தாருக்கும் இறுதி மடல் எழுதினார். தம்மால் நேர்ந்த துன்பங்களுக்காக அவர்களிடம் மன்னிப்பு வேண்டினார். தண்டித்தோர் மீது அவரிடம் வெறுப்பு இருக்கவில்லை. மாலை 4 மணிக்கு அவரது தலை வெட்டப்பட்டது. அன்று உடனிருந்த குருவானவர் யொக்மான், தம் வாழ்நாளில் கண்ட ஒரே புனிதர் இவரே என அருட்சகோதரியரிடம் கூறினார்.

போர் முடிந்த பின்னரும் பிரான்சிஸ்காவின் சிலுவை இறங்கவில்லை. கணவரைத் தடுக்காதவர் என ஊரார் அவரையே குறைகூறினர். போரில் இறந்தோரின் மனைவியருக்குரிய உதவிப் பணம் பல ஆண்டுகள் அவருக்கு மறுக்கப்பட்டது. மூன்று குழந்தைகளையும் பண்ணையையும் தம் உழைப்பாலேயே காத்தார். அருட்சகோதரியர் பாதுகாத்துக் கொணர்ந்த சாம்பல், 1946 ஓகஸ்ட் 9ஆம் திகதி சாங்க்ட் ராடேகுண்ட் ஆலயச் சுவரோரம் அடக்கம் செய்யப்பட்டது.

அமெரிக்கச் சமூகவியலாளர் கோர்டன் சான் 1964இல் வெளியிட்ட நூல் வாயிலாகவே உலகம் இவரை அறிந்தது. பம்பாயின் முன்னாள் பேராயரான தோமஸ் ரொபேர்ட்ஸ், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் இவ்வுழவரின் சாட்சியத்தை எடுத்துரைத்தார். மனச்சான்றின் பொருட்டுப் படைக்கலம் ஏந்த மறுப்போருக்குச் சட்டங்கள் மனிதநேயத்துடன் இடமளிக்க வேண்டும் என அச்சங்கம் போதித்தது. 1997இல் பேர்லின் நீதிமன்றம் பழைய தீர்ப்பை நீக்கியது. 2007 ஒக்டோபர் 26ஆம் திகதி லின்ஸ் பேராலயத்தில் அவர் அருளாளராக அறிவிக்கப்பட்டார். 94 வயதான பிரான்சிஸ்கா தம் புதல்வியரோடு அத்திருவிழாவில் பங்கேற்றார். 2013இல் தமது நூறாவது வயதில் அவர் இறைவனடி சேர்ந்தார். அருளாளரின் நினைவுநாள், அவர் திருமுழுக்குப் பெற்ற நாளாகிய மே 21 ஆகும்.

இறைமக்களே, குடும்பத்தின் மீது அன்பில்லாததால் அவர் சாவைத் தேடவில்லை. அநீதிக்குத் துணைபோன தந்தையாகத் தம் பிள்ளைகளிடம் திரும்புவதைவிட, உண்மைக்குச் சான்றுபகர்ந்தவராக இறைவனிடம் அவர்களை ஒப்படைப்பதே மேல் எனக் கண்டார். படைக்குச் சென்ற அயலவரை அவர் தீர்ப்பிடவுமில்லை. தமக்கு அருளப்பட்ட ஒளியின்படி தாம் நடந்தார். நம்மிடம் உயிரைக் கேட்கும் வேளை வராமற்போகலாம். ஆயினும் பொய்ச் சான்றுக்கும், இலஞ்சத்துக்கும், ஊரோடு ஒத்துப்போகும் மௌனத்துக்கும் நம் மனச்சான்றைக் கேட்கும் வேளைகள் நாள்தோறும் வருகின்றன. அவ்வேளைகளில் நாம் என்ன விடையளிக்கின்றோம் என்பதையே நம் பிள்ளைகள் கவனித்துக்கொண்டிருக்கின்றனர்.

இன்றிரவு குடும்பமாகச் செபமாலை சொல்லும்போது, உழவரான இவ்வருளாளரையும் அவரது துணைவியையும் நினைவுகூர்வோம். எல்லாரும் ஏறுகின்றனர் என்பதற்காக நாமும் ஏறிவிடாத தெளிவையும், தனித்து நிற்கும் துணிவையும் நம் இல்லங்களுக்கு அருளுமாறு இறைவனை மன்றாடுவோம்.