ஆபிரகாம் வால்டு

புதுக்கோட்டை மாவட்டத்தில் வானத்தை நம்பிப் பயிரிடும் உழவர் பலர் உளர். கண்மாய் நிறையுமாயின் நெல் மிகுந்த பயன் தரும். நிறையாவிடின் விதையும் உழைப்பும் வீணாகும். வரகு விதைப்பின் ஆதாயம் குறைவு. எனினும் முழு இழப்பு நேர்வது அரிது. மழையின் வரவை அறியுமுன்னரே எதனை விதைப்பது என்று அவர்கள் துணிய வேண்டும். ஒவ்வொரு வழியிலும் நேரக்கூடிய பேரிழப்பை அளந்து, அவற்றுள் சிறியது எவ்வழியில் உள்ளதோ அதனைக் கொள்வது ஒரு முறை. இத்தகைய துணிபுகளுக்குக் கணித வடிவம் தந்த அறிஞருள் தலைசிறந்தவர் ஆபிரகாம் வால்டு.

அவர் 1902-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள், அக்காலத்தில் ஹங்கேரியைச் சேர்ந்திருந்ததும் இந்நாளில் ருமேனியாவில் உள்ளதுமான குளுஜ் நகரில், யூதக் குடும்பத்தில் பிறந்தார். யூதர்க்குச் சனிக்கிழமை புனித ஓய்வு நாள். பள்ளியோ அன்றும் நடைபெற்றது. ஆதலின் பெற்றோரே வீட்டில் அவருக்குக் கல்வி புகட்டினர். பின்னர் வியன்னாப் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்று, 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

புலமை நிறைந்திருந்தும், யூதர் என்பதால் அங்கு அவருக்கு ஆசிரியப் பணி கிட்டவில்லை. வங்கியாளர் ஒருவருக்குக் கணிதம் கற்பித்தும், பொருளாதார ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் உழைத்தும் வாழ்ந்தார். பொருளியலில் அவர் புகுந்தது இவ்வாறே. 1938-இல் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவைக் கைப்பற்றவே, அவர் அமெரிக்கா சென்றார். ஐரோப்பாவில் தங்கிய அவருடைய உறவினருள் பெரும்பாலோர் நாஜிகளால் மாண்டனர்.

கொலம்பியாப் பல்கலைக்கழகம் அவரை ஏற்றுக்கொண்டது. இரண்டாம் உலகப்போரின்போது, குண்டடிபட்டுத் திரும்பிய விமானங்களின் துளைகளைக் கொண்டு, எப்பகுதிக்குக் காப்பு வேண்டும் என்று ஆராயும் பணி அவரிடம் வந்தது. துளைகள் மிகுந்த இடத்தையே வலுப்படுத்த வேண்டும் என்று எவர்க்கும் தோன்றும். வால்டோ திரும்பி வாராத விமானங்களை எண்ணிப் பார்த்தார். இயந்திரத்தில் அடிபட்டவை விழுந்துவிட்டன. ஆகவேதான் வந்தவற்றில் அவ்விடத்தே துளைகள் குறைந்திருந்தன. காணப்படாததையும் கணக்கிற் சேர்த்த இவ்வாராய்ச்சி வியத்தற்குரியது. படைக்கலங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, போதிய சான்று கிடைத்தவுடனே சோதனையை நிறுத்தும் முறையையும் அவர் வகுத்தார். அதனால் பொருளும் காலமும் மிஞ்சின.

துணிபுக் கோட்பாட்டை விளக்கும் அவரது பெருநூல் 1950-இல் வெளிவந்தது. அவ்வாண்டே இந்திய அரசின் அழைப்பை ஏற்றுச் சொற்பொழிவாற்ற, மனைவியாருடன் இந்நாட்டிற்கு வந்தார். டிசம்பர் 13-ஆம் நாள் அவ்விருவரும் சென்ற விமானம் நீலகிரி மலையில் மோதி நொறுங்கியது. அதிலிருந்த யாவரும் மாண்டனர். வால்டுக்கு அப்பொழுது வயது நாற்பத்தெட்டு. அவருடைய இளம் மக்கள் இருவர் தாய் தந்தையரை ஒருங்கே இழந்தனர்.