பாடம் மறுக்கப்பட்ட பையன், கதைப் புத்தகம் போட்ட ராஜா

தஞ்சாவூர்ப் பக்கம் படிக்கிற நமக்கு சரபோஜிங்கிற பேர் புதுசு இல்ல. மன்னர் சரபோஜி காலேஜ் இருக்கு, சரபோஜி மார்க்கெட் இருக்கு. ஆனா யாருப்பா அவருன்னு ஹாஸ்டல்ல கேட்டுப் பாத்தேன். வந்த பதில் ஒண்ணுதான்: சரஸ்வதி மஹால் லைப்ரரி கட்டினவர். அது பாதிதான் சரி. அந்த நூலகம் நாயக்கர் காலத்திலேயே தொடங்கிடுச்சு. அதை உலகம் திரும்பிப் பாக்குற அளவுக்கு வளர்த்தவர்தான் இரண்டாம் சரபோஜி.

இந்த இதழுக்கு அவரைப் பத்தி எழுத உக்காந்தப்போ என்னைப் பிடிச்சு நிறுத்தினது நூலகம் இல்ல. 1806-ல் அவரோட அரண்மனை அச்சுக்கூடத்தில் வெளியான ஒரு கதைப் புத்தகம். சின்னப் பிள்ளைங்க படிக்கிறதுக்கான புத்தகம். ஒரு ராஜா எதுக்கு அந்த வேலையில இறங்கணும்? அதுக்கு அவரோட சின்ன வயசுலேர்ந்து ஆரம்பிக்கணும்.

பத்து வயசு கூட ஆகல

சரபோஜி பிறந்தது 1777 செப்டம்பர் 24. போன்ஸ்லே குடும்பத்தின் ஒரு கிளை. பிறந்தப்போ அவர் ராஜா ஆவார்னு யாரும் நினைச்சிருக்க மாட்டாங்க. அப்போ தஞ்சையை ஆண்டவர் இரண்டாம் துளஜா. அவர் பட்ட பாடு கொஞ்சம் இல்ல. 1773-ல் ஆற்காட்டு நவாப் தஞ்சாவூரைப் பிடிச்சார்; 1776-ல்தான் நாடு திரும்பக் கிடைச்சது. 1781-ல் ஹைதர் அலியோட படை டெல்டாவுக்குள்ள வந்துது. வயல் அழிஞ்சது, ஜனங்க ஊரை விட்டு ஓடினாங்க, பஞ்சம் வந்தது. காவிரி பாயுற மண்ணுல சோத்துக்குப் பஞ்சம்னா நினைச்சுப் பாருங்க.

துளஜாவுக்கு வாரிசு இல்ல. 1787 ஜனவரியில், சாகக் கிடந்த நேரத்தில், ஒன்பது வயசு சரபோஜியைத் தத்து எடுத்தார். பையனுக்கு யார் காவல்? துளஜா நம்பின ஆள் ஒரு ஜெர்மன் பாதிரியார். பேர் கிறிஸ்டியன் ஃபிரெடரிக் சுவார்ட்ஸ். தமிழ், மராத்தி எல்லாம் தெரிஞ்சவர். ஹைதரே கம்பெனிக்காரங்க தூது அனுப்பினா இவரை அனுப்பச் சொன்னதா சொல்லுவாங்க, அப்படி ஒரு நம்பிக்கை. ஆனா சுவார்ட்ஸ் அந்தப் பொறுப்பை ஏத்துக்கலை. துளஜாவோட தம்பி முறை ஆன அமரசிம்மனை வெச்சுக்கச் சொன்னார். நல்ல எண்ணத்துல சொன்ன யோசனைதான். வினை அங்கதான் ஆரம்பிச்சது.

சில நாள்லயே துளஜா இறந்துட்டார். தத்து செல்லுமா செல்லாதான்னு கேள்வி வந்தது. பையன் அவங்க அப்பாவுக்கு ஒரே மகன், வயசும் கூடுதல், அதனால சாஸ்திரப்படி செல்லாதுன்னு பண்டிதர்கள் தீர்ப்பு சொன்னாங்க. கம்பெனியும் தலையாட்ட, அமரசிம்மன் சிம்மாசனம் ஏறினார்.

சரபோஜி அரண்மனையிலேயே அடைபட்டார். காவல், வெளிச்சம் இல்லாத அறை, வெளி ஆள் பார்க்க முடியாத நிலை. எல்லாத்தையும் விட மோசம், படிப்பு கிடையாது. எதிர்காலத்துல போட்டிக்கு வரக்கூடிய ஒருத்தனை வாளால வெட்ட வேண்டிய அவசியமே இல்ல, எழுத்து தெரியாம வளர்த்தாப் போதும். இதை சுவார்ட்ஸ் புரிஞ்சுக்கிட்டார். தான் சொன்ன யோசனையால வந்த வினைங்கிற உறுத்தலும் இருந்திருக்கலாம். சென்னையில இருந்த கம்பெனி அரசுக்கு விடாம எழுதினார். பையனுக்கு வாத்தியார் வேணும்னு கேட்டார். தத்து விஷயத்தை மறுபடி விசாரிக்கணும்னு வாதாடினார்.

1793-ல் சரபோஜியையும் துளஜாவோட விதவை ராணிகளையும் பாதுகாப்புக்காக சென்னைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அப்போ அவருக்கு 15, 16 வயசு. நாம பத்தாவது எழுதுற வயசுல அவர் பாடத்தை ஒழுங்கா தொடங்கறார். கெரிக்கே என்கிற இன்னொரு ஜெர்மன் பாதிரியார் சொல்லிக் கொடுத்தார். இங்கிலீஷ்ல ஆரம்பிச்சு ஐரோப்பிய மொழிகள், கணக்கு, பூகோளம், இயற்கை விஞ்ஞானம்னு பையன் பசியோட விழுங்கினார்.

முடி கிடைச்சது, நாடு போச்சு

பண்டிதர்களிடம் மறுபடி கேட்டாங்க. இந்தத் தடவை தத்து செல்லும்னு பதில் வந்தது. 1798 ஜூன் 29-ல் சரபோஜி அரியணை ஏறினார், வயசு 20. அமரசிம்மன் திருவிடைமருதூருக்குப் போயிட்டார். சுவார்ட்ஸ் அந்த நாளைப் பாக்கல. நாலு மாசம் முன்னாடி, பிப்ரவரி 13-ல் தஞ்சாவூரிலேயே இறந்துட்டார்.

கம்பெனி ஆதரவு சும்மா வருமா? 1799 அக்டோபர் 25-ல் உடன்படிக்கை. தஞ்சை ராஜ்ஜியத்தோட நிர்வாகம், வரி, நீதி எல்லாம் கம்பெனிக்கு. சரபோஜிக்கு மிச்சம் தஞ்சாவூர்க் கோட்டையும் சுத்துப்புறமும், வருஷத்துக்கு 1 லட்சம் பகோடா, நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு. டெல்டாவுல நெல் நல்லா விளைஞ்சா அவர் பங்கு ஏறும், காவிரி ஏமாத்தினா இறங்கும். ஆனா அந்த வயலுக்கு வரி எவ்வளவுன்னு முடிவு பண்ற உரிமை அவருக்குக் கிடையாது.

இங்க அவரை மன்னிச்சுட்டுத் தாண்டிப் போக முடியாது. சிம்மாசனத்துக்காக நாட்டைக் கொடுத்தவர்னு சொல்றவங்க இருக்காங்க. அதுல நியாயம் உண்டு. 1814 வாக்கில் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே கடலோரத்தில், நெப்போலியன் மேல இங்கிலீஷ்காரங்க பெற்ற வெற்றியைக் கொண்டாடி மனோராங்கிற எட்டு அடுக்குக் கோபுரம் கட்டினவரும் இதே சரபோஜிதான். 20 வயசுல, சிறையில இருந்து வந்த ஒருத்தருக்கு வேற வழி இருந்துச்சாங்கிறதும் கேள்விதான். எனக்கு ரெண்டும் உண்மையாவே தோணுது.

ஆனா அடுத்த 33 வருஷம் அவர் என்ன பண்ணினார்ங்கிறதுதான் முக்கியம். படை இல்ல, வரி இல்ல, சட்டம் போடுற அதிகாரம் இல்ல. கையில இருந்தது கொஞ்சம் பணமும், ஒரு கோட்டையும், சின்ன வயசுல மறுக்கப்பட்ட படிப்பு மேல தீராத ஆசையும். அதை வெச்சே ஒரு உலகத்தைக் கட்டினார். ஐரோப்பாவுல இருந்து 4,000க்கும் மேல புத்தகம் வாங்கினார். வாங்கினதுல பலதுல தன் கையெழுத்தைப் போட்டு வெச்சார். தன்வந்திரி மஹால்ல மருத்துவ ஆராய்ச்சி நடந்தது. கண் நோயாளிகளோட விவரத்தைப் படத்தோட பதிவு பண்ணி வெச்ச ஏடுகள் இன்னைக்கும் இருக்கு.

முத்து மாலை

1805-ல் அரண்மனைக்குள்ள தேவநாகரி எழுத்துல அச்சடிக்க ஒரு அச்சுக்கூடம் வெச்சார். நம்ம டெல்டாவுக்கு அச்சு புதுசு இல்ல. தரங்கம்பாடியில சீகன்பால்க் 1712-13லயே தமிழ் அச்சைத் தொடங்கிட்டார். ஆனா அது மிஷனோட அச்சுக்கூடம். ஒரு இந்திய ராஜா சொந்தமா அச்சுக்கூடம் வெச்சு நடத்தினது அந்தக் காலத்துல அபூர்வம்.

அதுல 1806-ல் வந்தது பாலபோத முக்தாவளி. ஈசாப் கதைகளோட மராத்தி மொழிபெயர்ப்பு. அரண்மனைப் பண்டிதர் ஒருத்தர் மொழிபெயர்த்தது. பாலன்னா குழந்தை, போதம்னா அறிவு, முக்தாவளின்னா முத்து மாலை. குழந்தைகளுக்கு அறிவூட்டுற முத்து மாலை. இதுல இன்னொரு விஷயம் இருக்கு. தஞ்சை மராத்தி அரண்மனைக் கணக்கு, கடிதம் எல்லாம் மோடி எழுத்துல எழுதுவாங்க. கூட்டெழுத்து மாதிரி ஓடுற எழுத்து, பழகினவங்களுக்கு மட்டும்தான் விளங்கும். அதுக்கு மாறா தேவநாகரியை மராத்தியில பால்போத்னே சொல்லுவாங்க, அதாவது குழந்தைக்கும் புரியுற எழுத்து. குமாஸ்தா எழுத்தை விட்டுட்டு பிள்ளைங்க எழுத்துல கதை போட்டிருக்காங்க.

காலத்தைக் கொஞ்சம் ஒப்பிட்டுப் பாருங்க. குழந்தைகள் சந்தோஷமா படிக்கணும்னே புத்தகம் போடுற வழக்கத்தை லண்டன்ல ஜான் நியூபெரி பரவலாக்கினது 1744-ல். ஆஸ்திரேலியாவில் முதல் குழந்தைகள் புத்தகம் சிட்னியில வெளியானது 1841-ல். ஒரு அம்மா தன் பிள்ளைகளோட பேசுற மாதிரி எழுதப்பட்டது. பின்னாடி குழந்தை இலக்கியத்துல அந்த நாடு பெரிய பேர் வாங்கிச்சு. தஞ்சாவூர் அரண்மனைப் புத்தகம் அதுக்கு 35 வருஷம் முந்தினது. இது பெருமை அடிச்சுக்க இல்ல. கதைப் புத்தகம்னா ஏதோ வெளிநாட்டுச் சரக்குன்னு நாம நினைக்கிறதால சொல்றேன்.

ஏன் ஈசாப்? சரபோஜி காரணம் எழுதி வெச்சதா நான் படிச்சதில்ல. ஆனா ஊகிக்கலாம். ஐரோப்பாவுல மொழி பழகுறவங்க கையில முதல்ல கொடுக்குற புத்தகங்கள்ல ஈசாப் ஒண்ணு. நம்ம பஞ்சதந்திரத்துக்கும் அதுக்கும் பங்காளி உறவு. வேற மிருகத்தோட தோல் போர்த்தின கழுதை ரெண்டு பக்கமும் மேயும். மிருகக் கதை எப்பவும் பலம் இல்லாதவன் பக்கம் நின்னு பேசும். சிங்கத்துக்கு நடுவுல எலி எப்படிப் பிழைக்கும்னு சொல்லும். சித்தப்பா ஒரு பக்கம், கம்பெனி இன்னொரு பக்கம்னு வளர்ந்த ஒருத்தருக்கு அந்தக் கதைங்க வெறும் பொழுதுபோக்கா இருந்திருக்காது.

கதையா பாடம் சொல்ற பழக்கம் அவர்கிட்ட அதோட நிக்கல. தேவேந்திர குறவஞ்சின்னு மராத்தியில ஒரு நாடகம் அவர் பேர்ல இருக்கு. வழக்கமா குறவஞ்சியில குறத்தி வந்து மலைவளம் சொல்லுவா, குறி சொல்லுவா. இதுல வர்ற குறத்தி உலக பூகோளத்தைச் சொல்றா. ஊர் ஜனங்களுக்குப் பழகின கூத்துக்குள்ள அட்லஸை ஒளிச்சு வெச்ச மாதிரி. நமக்கு எட்டாவதுல ஜியாக்ரஃபி இப்படி நடத்தியிருந்தா ஒருத்தரும் தூங்கியிருக்க மாட்டோம்.

ஒரத்தநாட்டுல 1803-ல் முக்தாம்பாள் சத்திரம் கட்டினார், தன்னோட காதலி முத்தம்மாள் நினைவா. ராமேஸ்வரம் போற யாத்ரிகர்களுக்குச் சாப்பாடு போட்டதோட, அங்க பள்ளிக்கூடமும் நடந்தது. பல மொழி, இலவசப் படிப்பு, பிள்ளைங்களுக்குச் சோறு. பசியோட இருக்குற பிள்ளைக்குப் பாடம் ஏறாதுன்னு மதிய உணவுத் திட்டம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இங்க தெரிஞ்சிருக்கு.

மாலை யார் கழுத்துக்கு?

ஒரு குறையையும் சொல்லிடணும். அந்தக் கதைப் புத்தகம் மராத்தியில வந்தது. கோட்டைக்குள்ள இருந்த மராத்திக் குடும்பத்துப் பிள்ளைங்களுக்கு அது கிடைச்சிருக்கும். கோட்டைக்கு வெளியே, வயல் வரப்புல மாடு மேய்ச்ச தமிழ்ப் பிள்ளைங்களுக்கு? அவங்க கழுத்துக்கு அந்த மாலை வரல. ராஜாவுக்குக் கிடைச்ச அந்த ஐந்தில் ஒரு பங்கு வருவாய் அந்தப் பிள்ளைங்களோட அப்பா அம்மா நட்ட நெல்லுல இருந்துதான் வந்தது.

ஆனா விதை போட்டா எங்கயாவது முளைக்கும். 1826-ல் சென்னையில தாண்டவராய முதலியார் பஞ்சதந்திரத்தை எளிமையான தமிழ் உரைநடையில கொண்டு வந்தார். அவர் மொழிபெயர்த்தது மராத்தியில இருந்துதான். இங்கேருந்து நேரா அங்க போச்சுன்னு நான் சொல்ல வரல. ஆனா அந்தக் காலத்துல கதைங்க மொழிக்கு மொழி சுத்திக்கிட்டே இருந்தது, தஞ்சாவூரும் அந்தச் சுத்துல ஒரு கண்ணி.

1820-ல் சரபோஜி பெரிய பரிவாரத்தோட காசிக்குப் போனார். 1826-ல் கல்கத்தா பிஷப் ஹீபர் தஞ்சாவூர் வந்தப்போ, விஞ்ஞானம், இலக்கியம்னு அவர் பேசினதைக் கேட்டு அசந்து போய் எழுதி வெச்சார். 1832 மார்ச் 7-ல் சரபோஜி இறந்தார். மகன் சிவாஜி 1855-ல் ஆண் வாரிசு இல்லாம இறக்க, மிச்சம் இருந்த பட்டத்தையும் கம்பெனி எடுத்துக்கிச்சு. 1918-ல் சரஸ்வதி மஹால் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

தஞ்சாவூர்ல சுவார்ட்ஸ் நினைவா இருக்கிற சர்ச்சுக்கு ஒரு தடவை போய்ப் பாருங்க. ஃப்ளாக்ஸ்மேன் என்ற பெரிய இங்கிலீஷ் சிற்பியைக் கொண்டு சரபோஜி செய்யச் சொன்ன பளிங்குச் சிற்பம் அங்க இருக்கு. படுக்கையில் சுவார்ட்ஸ், அவர் கையைப் பிடிச்சபடி சரபோஜி. கட்டில் பக்கத்துல பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களும் நிக்கிறாங்க. ஒரு ராஜாவும் குருவும் மட்டும் இருக்க வேண்டிய சிற்பத்துல அந்தப் பிள்ளைங்களுக்கும் இடம் இருக்கு.

நான் படிச்ச ஸ்கூல்ல லைப்ரரின்னு ஒரு இரும்பு பீரோ இருந்துச்சு. கண்ணாடி வழியா கதைப் புத்தக அட்டை தெரியும். அஞ்சு வருஷத்துல ஒரு தடவை கூட அது திறந்து நான் பாக்கல. கிழிச்சுடுவீங்கன்னு பயம். போன லீவுல ஊருக்குப் போனப்போ தம்பிகிட்ட கேட்டேன். பீரோ அதே இடத்துலதான் இருக்காம், சாவி யார்கிட்டன்னு தெரியலையாம். எழுத்தை எட்டாத இடத்துல வெக்கிறது 1787-ல அமரசிம்மன் பண்ணின வேலை. அதுக்கு வில்லன் வேணும்னு இல்ல, ஒரு பூட்டு போதும்.

நம்ம பேட்ச்ல இந்த செமஸ்டர் லீவுல ஆளுக்கு ரெண்டு கதைப் புத்தகம் வாங்கி ஊர்ல இருக்குற ஸ்கூலுக்குக் கொடுக்கலாம்னு பேசிட்டு இருக்கோம். ஒரே நிபந்தனை: பீரோவுல வெக்கக் கூடாது, பெஞ்சு மேல வெக்கணும். கிழிஞ்சா கிழியட்டும். சேர்ந்துக்கறவங்க வாங்க.